மூன்று பல்லும் நாற்பத்தைந்து வீதமும்

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீதக் கணக்கு அடுத்த வருஷப் புத்தகத்தில் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அது தெரியாததால் எனக்கு நெடுங்காலம் ஒரு நட்டமும் வரவில்லை. காங்கேசன்துறையில் மூட்டை தூக்கினேன்; மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. குருநகரில் இறால் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டேன், பெட்டிக்கு இவ்வளவு. ஒரு போகம் வன்னியில் நெல் வெட்டினேன். நாளுக்கு இவ்வளவு, சோறு தனி. நூற்றுக்கு இத்தனை என்று எவரும் எனக்குக் கூலி பேசியதில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, முப்பத்திரண்டு வயதில், புத்தூரில் எங்கள் வீட்டுப் பலாமரத்தின் கீழ் இருந்துதான் முதன்முதலாக வீதக் கணக்குப் போட்டேன். அது அண்ணனுடைய பல்லுக்காக.

அண்ணன் எண்பத்தைந்தில் ஜேர்மனிக்குப் போனவர். போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, வேலை செய்த உணவகத்தின் பின்வாசற் படியில், கை நிறையத் தட்டங்களோடு சறுக்கி விழுந்தார். முன்பல் இரண்டு அந்த இடத்திலேயே போய்விட்டன. மூன்றாவது சில மாதம் ஆடிக்கொண்டிருந்து பிறகு போனது. இதை அவர் ஏழு வருஷமாக எங்களுக்கு எழுதவில்லை. அனுப்பிய படங்களில் எல்லாம் வாயை இறுக்கி மூடியிருந்தார். அம்மா அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, "உவன் அங்கை சந்தோசமா இல்லை" என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

பல் போன கதை வந்த கடிதம் நீளமானது. அந்த நாளில் ஜேர்மனியிலிருந்து ஒரு கடிதம் கொழும்புக்கு வந்து, கப்பலேறி, சோதனைக்குப் பிரிபட்டு, எங்கள் கைக்குக் கிடைக்க ஆறு ஏழு வாரம் எடுக்கும். அண்ணன் எழுதியிருந்தது இதுதான். மூன்று பல்லுக்கும் 'பாலம்' கட்ட வேண்டுமாம்; அதாவது இரண்டு பக்கத்திலும் உள்ள நல்ல பற்களைத் தூணாக வைத்து நடுவில் மூன்றைத் தொங்கவிடுவது. அங்கே அதற்கு மூவாயிரம் மார்க். அதில் பாதியைக் காப்புறுதி கொடுக்கும். வருஷா வருஷம் பல்லைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய சின்னப் புத்தகம் ஒன்று தன்னிடம் இருப்பதால் இன்னும் பத்து வீதம் கூடக் கிடைக்கும். மெட்ராசில் இதே வேலைக்கு என்ன முடியும் என்று தம்பியிடம் கேட்டு எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இப்போது தனக்கு அகதிகளுக்குக் கொடுக்கிற நீல அட்டைப் பயணப் புத்தகம் கிடைத்துவிட்டது. இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம். மெட்ராசுக்குப் போய்வர டிக்கெட் ஆயிரத்தைந்நூறு மார்க்.

என்னிடம் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எண்பத்துநான்கில் நான் படகேறி அக்கரைக்குப் போய் மூன்று வருஷம் சுற்றியவன். அதில் பதினொரு மாதம் மெட்ராசில், பல் செட் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலை. டொக்டர்மாரிடமிருந்து வாய் அச்சுகளை வாங்கி வந்து பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் ராவி, மேசையில் வரிசையாக வைப்பேன். ஊரிலுள்ளவர்களின் வாயெல்லாம் எனக்கு முன்னால் திறந்து கிடக்கும். பல்லின் நிறத்துக்கு நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுக்க நான்கு வாரத்தில் பழகினேன். முதலாளி பட்டறையை விற்றபோது நான் வேறெங்கோ போனேன். எண்பத்தேழில் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டில் பல் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கடிதத்தை மூன்று தரம் படித்த அம்மா, அன்று பின்னேரம் வெங்காயம் கட்டிக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"கிளாலியாலை போறதுக்கு இப்ப என்ன எடுக்கிறாங்கள்?"

"ஆர் போறது?"

"ஒருதரும் போகேல்லை. என்ன எடுக்கிறாங்கள் எண்டுதான் கேட்டனான்."

ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்த காலம் அது. குடாநாட்டை விட்டு வெளியே போக வேண்டியவர்கள் கிளாலியிலிருந்து படகில் கடலேரியைக் கடந்தார்கள். சில படகுகள் சுடுபட்டன. மற்றவை போய்ச் சேர்ந்தன. படகுக் கூலி என்னவென்று சொன்னேன். அம்மா "ம்" என்றார். அடுத்த பிடி வெங்காயத்தைக் கட்டினார். பிறகு, "அங்காலை கொழும்பு மட்டும்?" என்றார். அதையும் சொன்னேன். கொழும்பிலிருந்து அக்கரையில் கிட்டவுள்ள திருச்சிக்குப் பிளேன் என்ன முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. "விசாரிச்சு வை" என்றார்.

நான் விசாரித்தது பல்லின் விலையைத்தான். நெல்லியடியில் ஒருவர் அந்த வருஷத் தொடக்கத்தில் மெட்ராசில் பல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சைக்கிளில் போய் அவரைப் பிடித்தேன். வாயைத் திறந்து காட்டினார். நல்ல வேலை. பல்லொன்று தொள்ளாயிரம் ரூபாய் என்றார். மூன்று பல்லும் இரண்டு தூணும் ஐந்து, நாலாயிரத்தைந்நூறு. மார்க் ஒன்றுக்குக் கொழும்பில் இருபத்தெட்டு ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து உண்டியல் காசு கொண்டுவருகிறவர் சொன்னார். நாலாயிரத்தைந்நூறை இருபத்தெட்டால் பிரித்தேன். நூற்றறுபது மார்க். மூவாயிரம் எங்கே, நூற்றறுபது எங்கே! பதினெட்டு மடங்குக்கும் மேலே. பலாமரத்தின் கீழ் சாக்கை விரித்து இருந்து, ஏரோகிராம் வாங்கி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே எழுதினேன்: 'அண்ணை, நன்றாகக் கணக்குப் பார்த்துவிட்டேன். மெட்ராசில் ஆயிரத்தெண்ணூறு வீதம் மலிவு.'

அம்மாவுக்கு அந்த எண் பிடித்துக்கொண்டது. "எத்தினை?" என்று திரும்பக் கேட்டார்.

"ஆயிரத்தெண்ணூறு."

"அப்ப அவன் வரத்தானே வேணும்."

அந்த வருஷம் எங்கள் வீட்டில் என் மச்சாளும் இருந்தாள். அம்மாவின் தமையன் மகள். காங்கேசன்துறைப் பக்கத்து ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். நெல்லியடியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பெரியத்தான் என்றும் என்னைச் சின்னத்தான் என்றும் கூப்பிடுவாள். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தவள், ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள்.

"சின்னத்தான், உதென்ன எழுதியிருக்கிறியள்?"

"பல்லுக் கணக்கு. உமக்கு விளங்காது."

"ஆயிரத்தெண்ணூறு வீதம் மலிவோ?"

"ஓம். ஏன்?"

"நூறு வீதம் மலிவெண்டால் சும்மா எண்டு அர்த்தம். ஆயிரத்தெண்ணூறு வீதம் மலிவெண்டால், டொக்டர் பல்லையும் கட்டிப்போட்டு, பெரியத்தானுக்குக் கை நிறையக் காசும் குடுத்து, வாசல் மட்டும் வந்து வழியனுப்பிவிடுவார்."

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப எத்தினை வீதம் எண்டு நீ சொல்லு" என்றார்.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சாக்கின் ஓரத்தில் இருந்தாள். கடிதத்தை முழுக்கப் படித்தாள். நெல்லியடிக்காரர் சொன்ன விலையைக் கேட்டாள்.

"தொள்ளாயிரம் எண்டது எந்த ரூவா?"

"ரூவாதான்."

"எங்கடை ரூவாவோ, இந்தியக் காசோ?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நான் இரண்டு கரையிலும் கூலி வாங்கியவன். அங்கே ஒரு நாள் வேலை செய்தால் ஒரு நாள் சாப்பிடலாம், ஒரு பீடிக் கட்டும் வாங்கலாம். இங்கேயும் அதேதான். ஒரு ரூபாயை இன்னொரு ரூபாயாக மாற்றிப் பார்க்குமளவுக்கு எந்தக் கரையிலும் என்னிடம் காசு மிஞ்சியதில்லை. அக்கரைக்குப் போய்வந்த எத்தனையோ பேர் இந்தப் பிழையை விட்டதைப் பிறகு கண்டிருக்கிறேன். 'ரூபாய்' என்று வாயில் வந்தால் அது கையிலிருக்கிற ரூபாய்தான்.

"இந்தியக் காசுதான்" என்றேன்.

"அது எங்கடையிலை ஒண்டரை. அப்ப நாலாயிரத்தைந்நூறு இல்லை, ஆறாயிரத்தெழுநூற்றைம்பது. மார்க்கிலை இருநூற்றி நாற்பத்தொண்டு." தரையில் ஈர்க்கால் எழுதினாள். "மூவாயிரத்திலை அது எட்டு வீதம். அப்ப தொண்ணூற்றிரண்டு வீதம் மலிவு."

"தொண்ணூற்றிரண்டும் நல்ல எண்தானே" என்றார் அம்மா.

"பொறுங்கோ மாமி, இன்னும் முடியேல்லை. மூவாயிரமும் பெரியத்தான் குடுக்கிறதில்லை. காப்புறுதி ஐம்பது வீதம் குடுக்குது. புத்தகத்துக்குப் பத்து. அறுபது வீதம் அவங்கள் குடுத்தால், அவற்றை கையாலை போறது ஆயிரத்திருநூறு. மெட்ராசிலை கட்டினால் காப்புறுதி ஒரு சதமும் தராது. அப்ப ஆயிரத்திருநூறோடைதான் ஒப்பிட வேணும். எண்பது வீதம் மலிவு."

"எண்பது" என்றார் அம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. சந்தையில் மரக்கறி விலை விழும்போது கேட்கிற குரல்.

மச்சாள் ஈர்க்கால் எண்பதைச் சுற்றித் திரும்பத் திரும்பக் கோடிழுத்தாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்கு மனமில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான்தான் கேட்டேன்.

"டிக்கெட்டோ?"

"ஓம். ஆயிரத்தைந்நூறு. பல்லோடை சேர்த்தால் ஆயிரத்தெழுநூற்றி நாற்பத்தொண்டு. அங்கையே கட்டினால் ஆயிரத்திருநூறு. மலிவில்லை மாமி. நாற்பத்தைஞ்சு வீதம் கூட. அதுக்குள்ளை அறை வாடகை, சாப்பாடு ஒண்டும் இல்லை."

முற்றத்தில் கோழி ஒன்று சாக்கின் மேலே ஏறி நடந்தது. யாரும் அதைக் கலைக்கவில்லை.

அம்மா சொன்னார், "டிக்கெட்டை எழுதாமல் விடு."

"அவர் எழுதின டிக்கெட்தானே மாமி. அவருக்குத் தெரியாதே?"

"அப்ப தம்பி முதல் எழுதினதே போகட்டும். அவன் படிக்காதவன், பிழைவிட்டிட்டான் எண்டு நினைப்பான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா வாழ்நாளில் சந்தைக்கு அழுகின வெங்காயத்தை நடுவில் வைத்துக் கட்டி அனுப்பாதவர். கட்டுக்குள் ஒன்று தவறி வந்தால்கூடப் பிரித்து எடுத்துப்போட்டுத் திரும்பக் கட்டுவார். அப்படிப்பட்டவர் கேட்டார். அதிலிருந்து அவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது கணக்கில் இருந்தேன். ஒரு விஷயத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டவனின் திமிர் எனக்குள் இருந்தது.

அம்மாவே சற்று நேரத்தில், "வேண்டாம். அவன் கோப்பை கழுவி உழைக்கிற காசு. உள்ளதை எழுது" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போனார்.

ஏரோகிராமைக் கிழித்துப்போட்டு வேறொன்று எழுதினேன். மச்சாள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படியாக எழுதினேன். இந்தியக் காசு, எங்கள் காசு, மார்க், காப்புறுதி, டிக்கெட். கடைசியில் அடிக்கோடு போட்டு, 'ஆகவே மெட்ராசுக்கு வந்து கட்டுவது நாற்பத்தைந்து வீதம் கூடுதல் செலவு' என்று முடித்தேன். நான் எழுதிய கடிதங்களிலேயே பிழையில்லாத கடிதம் அதுதான். ஓரத்தில் எப்போதும் இரண்டு வரி எழுதுகிற அம்மா, அன்று 'சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்' என்று மட்டும் எழுதினார்.

பதில் வர மூன்று மாதமாயிற்று. அதற்குள் நான் இரண்டு தரம் வேலை மாறினேன். ஒரு மாதம் விறகு ஏற்றினேன். பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற லொறி ஒன்றில் உதவிக்குப் போனேன். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் லொறியை மரத்தின் கீழ் விட்டுவிட்டு ஓட வேண்டும். போனபின் வந்து தள்ள வேண்டும். அப்படித் தள்ளிக் களைத்து வந்த ஒரு மத்தியானம் கடிதம் வந்திருந்தது.

சின்னக் கடிதம். 'தம்பி, உன்ரை கணக்கு வலு திறம். ஒரு பிழையும் இல்லை. நீ சொன்னது சரி. நான் இங்கேயே கட்டிக்கொள்கிறேன். பங்குனிக்கு எடுத்த நாலு கிழமை லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா வயதுபோன காலத்தில் கிளாலியால் வந்து அலையத் தேவையில்லைத்தானே.'

இந்தக் கடைசி வரியை நான் இரண்டாம் தரம் படித்தேன். அம்மா கிளாலியால் வருவது பற்றி நாங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரும் முதற்கடிதத்தில் எழுதவில்லை. லீவு பற்றியும் எழுதவில்லை. எங்களிடம் பல் விலை கேட்டு எழுதியபோதே அவர் டிக்கெட் விலையை விசாரித்து முடித்திருக்கிறார். பதில் வருவதற்கு முதலே லீவும் எடுத்திருக்கிறார். மூவாயிரத்தில் அறுபது வீதம் போக மிச்சம் என்னவென்று, ஏழு வருஷமாக ஒவ்வொரு மார்க்காக எண்ணிச் சேர்த்த ஒருவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அம்மாவிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். படங்கள் வைத்திருக்கிற பெட்டிக்குள் வைத்தார். மத்தியானச் சாப்பாடு வழமைபோலத்தான் நடந்தது; கத்தரிக்காய்க் குழம்பு, உப்புக் கொஞ்சம் கூட. கை கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மா அறைக்குள்ளிருந்து ஒரு பயணப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய பை, சிப் வைத்தது. நான் அதை முன்பு கண்டதில்லை.

"இதை ரண்டாம் வளவுக்காரியிட்டைக் குடுத்திட்டு வா."

"இது எப்ப வாங்கினது?"

"ஆவணியிலை இரவல் வாங்கினனான்."

அண்ணனின் பல்லுக் கடிதம் வந்த மாதம். நான் பையைச் சைக்கிளில் கட்டினேன். அது வெறும் பையாக இருக்கவில்லை. திறந்து பார்த்தேன். அடியில் பழைய பேப்பரில் சுற்றிய, காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் ஒரு கட்டும், மூடி இறுக்கிய மிளகாய்த்தூள் போத்தலும் கிடந்தன. மூன்று மாதமாகக் கிடந்திருக்கின்றன. இரண்டையும் எடுத்து அடுப்படியில் வைத்தேன். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல நின்றார்.

பையைக் கொடுக்கப் போகிற வழியில் எனக்குப் பல யோசனை. எங்கள் சனம் இப்படித்தான். 'வா' என்று ஒருவரும் கேட்பதில்லை. டிக்கெட் என்ன விலை என்று கேட்பார்கள். 'வருகிறேன்' என்று ஒருவரும் சொல்வதில்லை. பல் கட்ட என்ன முடியும் என்பார்கள். விலை சரியில்லை என்று பதில் வந்தால் அதற்குமேல் இரண்டு பக்கமும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கடமைப்படுத்தினதுபோல ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. நான் ஒவ்வொரு தரமும் வீட்டைவிட்டுப் போனபோது அம்மா கேட்டதெல்லாம், "அங்காலை அரிசி என்ன விலை?" என்பதுதான். தெரிந்திருந்தும் நான் பல்லைப் பற்றிக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பையைக் கொடுக்காமல் திருப்பிக்கொண்டு வந்தேன். தபாற்கந்தோரில் ஏரோகிராம் வாங்கி, அங்கேயே மேசையில் வைத்து எழுதினேன். 'அண்ணை, வீதத்தை விடு. அம்மா உனக்கு ஒடியலும் தூளும் பையில் கட்டி மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு இண்டைக்குப் பையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டா. அம்மாவுக்கு உன்னைப் பார்க்க வேணும். பல்லைக் கட்டாமல் அப்படியே திருச்சிக்கு வா.' இவ்வளவும்தான். மிச்ச இடம் வெறுமையாகப் போயிற்று. ஒட்டிப் போட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா அகப்பையோடு வந்தார்.

"ஆர் உன்னை உப்பிடி எழுதச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை."

"பிச்சை கேட்டமாதிரி எழுதியிருக்கிறாய். அவன் என்ன நினைப்பான்? கடன்பட்டெல்லோ வரப்போறான்!"

"வரட்டும்."

"வரட்டுமாம்! ஒரு இடத்திலை ஒரு வருஷம் ஒழுங்கா நிண்டு உழைக்கத் தெரியாது, ஊருக்கு நாட்டாமை."

மச்சாள் கதவடியில் நின்று, "மாமி, குழம்பு அடிப்பிடிக்குது" என்றாள். அம்மா திரும்பிப் போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் பையை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்றும் கேட்கவில்லை.

அண்ணனின் பதில் தொண்ணூற்றிமூன்றில், தை பிறந்தபின் வந்தது. திகதி ஒன்று இருந்தது. கொழும்பில் யாரிடம் காசு எடுக்க வேண்டும் என்று இருந்தது. பல்லைப் பற்றி ஒரு வரி: 'கட்டவில்லை.'

குடாநாட்டை விட்டுப் போவதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். வயதுபோனவர்களுக்கு அது கிடைக்கும். ஆனால் திரும்பி வருவார் என்று வீட்டு ஆள் ஒருவர் பிணை நிற்க வேண்டும். என் வயதுக்காரருக்குப் பாஸ் கிடையாது. அதனால் அம்மாவோடு போகிற யோசனையே எனக்கு இருக்கவில்லை. பிணைக் கடதாசியில் கையெழுத்துப் போட்டேன். அவர் திரும்பும்வரை நான் இருப்பிடத்தை விட்டுப் போகக்கூடாது; கேட்டால் வந்து நிற்க வேண்டும். "எங்கையும் ஓடித் திரிஞ்சிடாதை" என்று கந்தோரில் இருந்தவன் சொன்னான். அவனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது.

அம்மா மாசியில் போனார். கிளாலிக்கு நான் சைக்கிளில் ஏற்றிப்போய் விட்டேன். தண்ணீருக்குள் இறங்கி நடந்து படகில் ஏற வேண்டும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்து, "வெங்காயத்துக்குத் தண்ணி மறக்காதை" என்றார். கடலேரியின் மறுகரை சேர்ந்த செய்தி ஆறாம் நாள் வந்தது.

இரண்டு மாதத்துக்கு மேலாக நான் புத்தூரை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூடம் விட்ட நாள் தொட்டு அவ்வளவு நாள் ஒரே கிணற்றில் குளித்தது அப்போதுதான். லொறிக்காரன் இரண்டு தரம் வந்து கூப்பிட்டான். கால் அரிக்கும். வாசற் படலைவரை போவேன், திரும்பி வந்து வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவேன். மச்சாள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இடையில் எனக்கு வீதக் கணக்கும் வட்டிக் கணக்கும் சொல்லித்தந்தாள். நான் வட்டியில் நின்றுவிட்டேன்.

அம்மா சித்திரை நடுவில் வந்தார். கொழும்பில் விசாவுக்குப் பதினேழு நாள், திரும்பும்போது பாதை பூட்டி வவுனியாவில் ஐந்து நாள், கிளாலியில் படகுக்கு இரண்டு நாள். கால் வீங்கியிருந்தது. முதலில் வெங்காயத் தறையைப் பார்த்தார், தண்ணீர் கூடிவிட்டது என்று ஏசினார். பிறகு குளித்துச் சாப்பிட்டு, பாயில் காலை நீட்டி இருந்தார். மச்சாள் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்தாள். அண்ணன் மெலிந்துபோனான், தலைமயிர் முன்னால் கொட்டிவிட்டது, வாயைத் திறந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் சிரித்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டு போனார்.

"அப்ப பல்லுக் கட்டினவரோ மாமி?"

"ஓம், திருச்சியிலை கட்டினது."

"எவ்வளவு எடுத்தவை?"

"விலையோ? அதை நான் கேக்கேல்லை."

மச்சாள் என்னைப் பார்த்தாள். கீரைப்பிடிக்கும் விலை குறைத்துக் கேட்காமல் வாங்காதவர் அம்மா.

"வேறை என்ன கேட்டனீங்கள்?"

"எத்தினை நாள் எடுக்கும் எண்டு கேட்டன். அஞ்சு நாளிலை முடியும் எண்டான். நல்ல பொடியன், டொக்டர். தம்பி, ஆறுதலாச் செய்யுங்கோ, அவசரமில்லை எண்டன். இல்லையம்மா, இது சின்ன வேலைதான் எண்டான். சின்ன வேலையெண்டு நினையாமல் பெரிசாச் செய்யுங்கோ எண்டன்."

"பெரியத்தான் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவன் என்னத்தைச் சொல்லுறது? வாய்க்குள்ளை பஞ்சு. டொக்டர் என்னைப் பாத்தான், அவனைப் பாத்தான். பிறகு கலண்டரைப் பாத்து, ஒண்டுவிட்டு ஒருநாள் வரச்சொன்னான். அஞ்சு நாள் வேலை பதினொரு நாள் போச்சுது. காலமை ரண்டுபேரும் நடந்து போவம், இருந்து கதைப்பம், மத்தியானம் நடந்து வருவம்."

மச்சாள் எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டிருந்தாள்.

"பதினோராம் நாள் பூட்டி முடிச்சுக் கண்ணாடியைக் குடுத்தான். நல்ல வடிவு. மூத்தவனும் பாத்துச் சிரிச்சான். அடுத்தநாளுக்கு அடுத்தநாள் அவனுக்குப் பிளேன்." அம்மா வீங்கிய காலைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். "நான் கிட்டப் போய்ப் பாத்திட்டு, நடுப்பல்லு மற்றதைவிட ஒரு நூல் உயரமாக் கிடக்கு எண்டு டொக்டரிட்டைச் சொன்னன்."

"உண்மையா உயரமே மாமி?"

"இல்லை" என்றார் அம்மா. "டொக்டரும் உத்துப் பாத்திட்டு, ஓமம்மா, உயரம்தான், நாளைக்கு ஒருக்கா வாங்கோ எண்டான்."